பூவிழி ஒட்டிய அம்புகள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

ராணிப்பேட்டையில் சீரும் சிறப்புமாக வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் கௌதம் அவர்களுக்கு, தங்கள் தங்கை அம்பிகாவைக் கைப்பிடித்த தமிழ்வேந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்பிகாவும் குழந்தை பூவிழியும் சுகம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதைவிடக் கூடுதல் சுகத்துடன் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 'சுகம்' என்று எழுதும்போது எனக்கு ஒற்றைத் தும்மல் வந்துவிட்டது. ஒற்றைத் தும்மல் ஆகாது என்று மூக்கில் நூலை விட்டு இன்னொன்றையும் வரவழைத்துக்கொண்டேன். ஆகவே சுகம்தான்.

பூவிழியைத் தாங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அவள் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிப்பதற்குத் தகப்பனின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று சொன்னீர்கள். ஒரு வரி எழுதினால் போதும் என்றும் சொன்னீர்கள். ஆனால் காரணம் சொல்லாமல் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டான் என்று நாளைக்குப் பேச்சு வரும். போனில் விளக்கலாம் என்றால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தப் பேஜார் இல்லை. என் கையெழுத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கம்பெனியில் டிபெக்ட் அட்டை எழுதிப் பழகிய கை, எழுத்து ஒவ்வொன்றும் குண்டாகத் தனித்தனியே நிற்கும், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

என் வேலை என்னவென்று தங்களுக்குத் தெரியும். ஷூ தைத்து முடிந்து வரிசையில் வரும்போது கடைசியில் நின்று பார்க்கிற செக்கர் நான். எங்கே சுருக்கம், எங்கே நூல் விட்டுப்போயிருக்கிறது, எங்கே பசை வழிந்திருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய ஷூ ஊர் தாண்டாது. இத்தனை வருடமாக இதையே பார்த்துப் பார்த்து என் கண் இப்படி ஆகிவிட்டது, மச்சான். நிலாவைப் பார்த்தால்கூட மேல் ஓரத்தில் தோல் கொஞ்சம் தளர்ந்திருப்பது போலத்தான் தோன்றுகிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் சட்டைக் காலர் இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்கிறேன். இதைத் திறமை என்று நான் சொல்கிறேன், வியாதி என்று தங்கள் தங்கை சொல்கிறாள்.

இப்படிப்பட்ட எனக்குச் சாயங்காலம் மட்டும் ஒரு விடுதலை இருந்தது. கம்பெனி பஸ்ஸில் ஆளோடு ஆள் சாய்ந்து தூங்கி வந்து வீட்டில் இறங்கினால், பூவிழி இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு படிப்பாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அவள் விரல் வரியின் கீழே நகரும், பக்கம் திரும்பும், குரல் நிற்காமல் போகும்.

"யானை ஜவ்வாது மலையிலேர்ந்து எறங்கி வந்துச்சு. பாலாத்துல குளிக்கலாம்னு வந்துச்சு. தண்ணி இல்ல. சரி போன்னு மணல்ல மல்லாந்து படுத்துக்குச்சு. மேல ஒரு மேகம் போச்சு. யானை அதப் பாத்து, 'இன்னாமா, நீ எங்க ஊட்டு ஆளு மாதிரியே கீறியே'ன்னு கேட்டுச்சு."

அதைக் கேட்டுக்கொண்டே நான் பாதித் தூக்கத்தில் மிதப்பேன். மூக்கில் இருக்கும் தோல் வாசனை போய்விடும். பாலாற்று மணல் வெதுவெதுப்பாக முதுகில் படும். யானை பக்கத்தில் மூச்சு விடும். அரசாங்கம் எவ்வளவு அருமையான பாடமெல்லாம் வைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு டீச்சரை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்பு நடத்துகிற எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் என் மகள் இப்படிச் சரளமாகப் படிக்கிறாள் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன். புத்தகத்தை மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. உலகத்தில் நான் சரிபார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டு வந்தீர்களே, அன்றோடு அந்தச் சுகம் போனது. தட்டை மூடியிருந்த செய்தித்தாளை எடுத்து, "எங்க, மாமாவுக்குப் படிச்சுக் காட்டு" என்று கொடுத்தீர்கள். அவளும் கூச்சமே இல்லாமல் விரலை வைத்து, "மேகம் ஒண்ணு வழி தெரியாம ஆம்பூர் டேசன்ல எறங்கிடுச்சு. டிக்கெட் கேட்டாங்க. மழையா எடுத்துக்குங்கன்னு சொல்லிச்சு" என்று படித்தாள். நான் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். தாங்கள் பேப்பரை வாங்கிப் பார்த்தீர்கள். அதில் இருந்தது தங்கம் விலை. "மாப்ள, இவ படிக்கல. அவுத்து வுடுறா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று நீங்கள் பஸ் ஏறியதும் நான் அந்த யானைப் பாடத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'யானை வந்தது. யானை பெரியது. யானை குளித்தது.' அவ்வளவுதான், மச்சான். மலை இல்லை, மணல் இல்லை, மேகம் இல்லை. என் மகளுக்குப் படமும் பக்கமும் தெரிந்திருந்தது, எழுத்து தெரியவில்லை. செய்தி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "தமிழ்வேந்தன் மவளுக்கே தமிழ் வரலியாமே" என்று டீக்கடையில் ஒருவன் ஆரம்பித்தான். என் அப்பா எந்த நேரத்தில் எனக்கு இந்தப் பேரை வைத்தாரோ, முனுசாமி என்று வைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

தெரிந்த வித்தையைத்தானே செய்ய முடியும்? கம்பெனியில் மீந்த அம்புச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தேன். தினம் சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வேன். புத்தகத்தில் இல்லாததைச் சொன்னால் அந்த இடத்தில் ஓர் அம்பு. எழுத்தை மாற்றிச் சொன்னால் ஓர் அம்பு. யானைப் பாடம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. அம்பிகா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அது கொயந்தைங்க, ஏற்றுமதி ஆர்டர் இல்ல" என்றாள். டிபெக்ட்டைக் காட்டாமல் எப்படிச் சரிசெய்வது என்று நான் நியாயம் பேசினேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது. நாளாக ஆகப் பூவிழி மெதுவாகப் படித்தாள், பிறகு முணுமுணுத்தாள், பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா என் கையைப் பார்த்தாள். எழுத்தும் வரவில்லை, யானையும் வரவில்லை. சாயங்காலத்தில் எங்கள் வீட்டில் மிக்ஸி சத்தம் தவிர வேறு சத்தமே இல்லாமல் போனது. மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரல் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

பூவிழிக்குப் பாடம் நடத்தும் மெர்சி டீச்சரிடம் போய்ப் புலம்பினேன். அந்த அம்மா அந்த நேரத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பீகார்ப் பையனுக்கு 'ப' எழுதக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் சஹர் என்ற குட்டிப் பெண் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உருதுவில் ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது. "சார், கதை சொல்ற பொண்ணு எழுத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் நாளாகும். வழியெல்லாம் வேடிக்க பாத்துக்கினே வருவா. நீங்க அவசரப்படாதீங்க, தப்பா இருந்தாலும் படிக்க வுடுங்க" என்றார். தப்பாக இருந்தாலும் விடுவதா? எங்கள் கம்பெனியில் அப்படிச் சொன்னால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் ஊரில் அம்பு முளைக்க ஆரம்பித்தது.

முதலில் சத்தார் பாய் கடை. கடை வாசலில் 'இன்று பிரியாணி உண்டு' என்று ஒரு பலகை நிற்கும் இல்லையா, அதில் 'பிரியாணி' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. வேறு ஊராக இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று விட்டிருப்பார்கள். இது ஆம்பூர். வீட்டுக்கு வீடு ஒருத்தராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். சிவப்பு அம்பைப் பார்த்தால் இங்கே கைக்குழந்தைகூட ரிஜெக்ட் என்று சொல்லும். மதியம் சாப்பிட வந்த கூட்டம் பலகையைப் பார்த்தது, ஒருவரை ஒருவர் பார்த்தது, அப்படியே எதிர்க்கடைப் பரோட்டாவுக்குப் போய்விட்டது. அம்புச் சுருளோடு தெருவில் வாழ்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் சத்தார் பாய் நேராக என்னிடம் வந்தார். "அரே தம்பி, நம்ம பிரியாணில இன்னா டிபெக்ட்? உப்பு ஜாஸ்தியா, கறி கம்மியா? வாயத் தொறந்து சொன்னா கரெக்ட் பண்ணிக்குவேன். இப்டி ஊருக்கே தெரியற மாதிரி போடலாமா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் மகள்மேல் சத்தியமாக நான் இல்லை என்றேன். அந்தச் சத்தியத்தில் எவ்வளவு சிக்கல் இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து எங்கள் கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அது பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். திங்கள் காலை ஏறப் போனால், படிக்கட்டுப் பக்கத்துப் பலகையில் 'ஆம்பூர்' என்ற எழுத்தின் கீழே அம்பு. பெண்களில் ஒருவரும் ஏறவில்லை. "பிரேக்ல டிபெக்டாம்" என்றாள் ஒருத்தி. "இல்ல, டயர்ல" என்றாள் இன்னொருத்தி. அம்பு காட்டுவது ஊர்ப் பேரைத்தான் என்று ஒரு கிண்டல்காரன் சொல்ல, "அப்ப ஊரே ரிஜெக்டா?" என்று ஒரே சிரிப்பு. டிரைவர் வேலு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். சூரியன் மேலேறிப் பனியெல்லாம் கரைந்த பிறகு பஸ் கிளம்பியது. அதற்குள் சுவரோரமாக அத்தனை பேரும் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டிருந்தோம், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கம்பெனியில் என்னைத்தான் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

மூன்றாவதுதான் பெரிய வம்பு. எங்கள் தெரு அந்தோணிக்குக் கல்யாணம். முனையில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள், கொஞ்சம் தாழ்வாகவே. அதில் 'மணமகன்' என்ற சொல்லுக்கு நேராக அம்பு, அது கொஞ்சம் சாய்ந்து அந்தோணியின் கன்னத்தையும் காட்டிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் பக்கத்து ஊர்க் கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவர்கள். பெண்ணின் பெரியம்மா அமிர்தவள்ளி அங்கே லைன் சூப்பர்வைசர். பேனரைப் பார்த்தார், ஆட்டோவை நிறுத்தச் சொன்னார், இறங்கி நேராக அந்தோணி வீட்டுக்குப் போனார். "தம்பி, அந்த முனை வரைக்கும் நடந்து போய்ட்டு வாங்க" என்றார். அவனும் நடந்தான். அந்த அம்மா தெருவில் குந்தி உட்கார்ந்து இடது காலையும் வலது காலையும் மாறி மாறிப் பார்த்தார், ஜோடி சேருகிறதா என்று. பிறகு வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. உங்க ஊரு செக்கருக்கு இன்னா தெரிஞ்சுதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார். அந்தோணியின் அம்மா, "எம்மவன் இன்னா ஷூவா, வெளிச்சத்துல வெச்சுப் பாக்கறதுக்கு?" என்று தெருவே அதிரக் கத்தினார். அதைப் பெண் வீட்டாரைப் பார்த்துக் கத்தவில்லை, என் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

அன்று சாயங்காலம் அம்பிகா பூவிழியின் பையைத் துவைக்க எடுத்தபோது அம்புச் சுருள் உள்ளே இருந்தது, தீரும் தறுவாயில். "ஏன்டி ஒட்டுன?" என்று கேட்டேன். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் புத்தகத்தில் ஒட்டியதற்கு அவள் ஊரையே ரிஜெக்ட் செய்து பழி தீர்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. சத்தார் பாயிடமும், வேலு அண்ணனிடமும், அந்தோணி அம்மாவிடமும் போய்க் கைகூப்பி நின்றேன். ஒவ்வோர் இடத்திலும் பசையை நானே நகத்தால் சுரண்டினேன். அந்தோணி கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டது, கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மெர்சி டீச்சர் அங்கே என்னைப் பார்த்து, "சார், அந்த அம்பெல்லாம் எந்த வார்த்தைல ஒட்டிருந்துச்சுன்னு கவனிச்சீங்களா?" என்று கேட்டார். கவனிக்காமல் என்ன, சுரண்டியவனே நான்தானே டீச்சர் என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினேன்.

நேற்றுக் கனவில் பாலாற்றில் வெள்ளம். தண்ணீர் இல்லை, எல்லாம் சிவப்பு அம்புகள். மீன் குஞ்சு மாதிரிக் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. நடுவில் யானை நிற்கிறது. என்னைப் பார்க்கிறது, ஒன்றும் பேசவில்லை. எழுந்து உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தேன். இந்தக் குழந்தைக்கு நானும் சரியில்லை, இந்தப் பள்ளிக்கூடமும் சரியில்லை, ஊரும் இனி இவளைப் பார்த்தால் ஸ்டிக்கர்க்காரி என்றுதான் கூப்பிடும். அங்கே வந்தால் தாங்கள் இருக்கிறீர்கள், அக்கா இருக்கிறார், வாசலில் வேன் வரும், சட்டையில் டை இருக்கும். எழுத்து வராத பிள்ளை என்ற பேர் அங்கே யாருக்கும் தெரியாது.

ஆகவே மச்சான், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பூவிழியை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். இதற்கு எனக்கு முழுச் சம்மதம். அம்பிகாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்கள் வந்து சொன்னால் அழுகை கொஞ்சம் கம்மியாக இருக்கும். என் அழுகையைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம், நான் பஸ்ஸில் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். தங்கள் வீட்டு மாடி எழும்பவும், மூட்டு வலி இறங்கவும், குலதெய்வம் ஒரு குறையும் வைக்காமல் தங்களைக் காக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
தமிழ்வேந்தன்.

பின்குறிப்பு: மச்சான், வராதீர்கள். வாருங்கள், ஆனால் அதற்காக வராதீர்கள்.

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் கடிதத்தில் சிவப்பு அம்புகள். மேலே தாங்களே பார்க்கலாம். 'ஆம்பூர்', 'மாமா', 'யானை', 'மேகம்' வருகிற இடமெல்லாம், கீழே 'பூவிழியை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள்' என்ற வரியில் ஒரு சொல் விடாமல். சுருளில் மிச்சமிருந்ததை எங்கேயோ பதுக்கி வைத்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் எழுத்துல இன்னாடி டிபெக்ட் கண்ட?" என்றேன்.

"டிபெக்ட் இல்லப்பா. எனக்குத் தெரிஞ்ச வார்த்தைல ஒட்டுவேன்" என்றாள். "உன்கிட்ட படிச்சா நீ ஒட்டுவ. அதான் நானே படிச்சு நானே ஒட்டிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். பிரியாணி அவளுக்குத் தெரிந்த சொல். ஆம்பூர் தெரிந்த சொல். மெர்சி டீச்சர் ம வரிசை நடத்திய சமயத்தில்தான் பேனர் கட்டினார்கள், மணமகன் வந்துவிட்டான். ஊரெல்லாம் அவள் ரிஜெக்ட் செய்யவில்லை, பாஸ் செய்துகொண்டே போயிருக்கிறாள். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

"அந்த வரியைப் படி" என்றேன். விரலை வைத்தாள். ஓர் எழுத்துக் கூட்டாமல், ஓர் எழுத்துக் குறைக்காமல் படித்தாள். "பூ-வி-ழி-யை உங்-க-ளோ-டு கூட்-டிக்-கொண்-டு போங்-கள்." அவள் முதன்முதலாகத் தப்பில்லாமல் படித்த வரி இதுவாக இருக்க வேண்டுமா? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. விரலை எடுக்காமல், அதே படிக்கிற குரலில் தொடர்ந்தாள்: "ஆனா பூவிழி போகல. எனக்கு பதிலா இத்த கூட்டிக்கினு போங்கன்னு யானைய அனுப்பிச்சா. மாமா ஊரு வேன்ல யானை ஏறல. அதனால எல்லாரும் இங்கியே இருந்துட்டாங்க." நான் செக்கர், பழக்கத்தில் கடிதத்தை எட்டிப் பார்த்தேன். அதில் அப்படி இல்லை. நான் ஒன்றும் ஒட்டவில்லை.

அதே வரிக்குப் பக்கத்தில் ஒரு சொல்லில் மட்டும் அவள் அம்பு ஒட்டவில்லை. அதைக் காட்டி, "இது இன்னாப்பா? ம்ம-ன்னு வருது, எனக்கு வரல" என்று கேட்டாள். 'சம்மதம்'. இத்த நான் பாத்துக்கறேன் என்று அவள் கையிலிருந்த கடைசி ஸ்டிக்கரை வாங்கி ஒட்டினேன். கடிதத்தை மாற்றி எழுதாமல் அப்படியே அனுப்புகிறேன். 'சம்மதம்' மேல் இருக்கும் அம்பு மட்டும் நான் ஒட்டியது. அதைக் கம்பெனி வழக்கப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.